எட்டங்குலக் குழாயை முடிவு செய்தது யார்

பட்டறைக்காரரின் மனைவி குளியலறையில் மூச்சடைத்து இறந்துபோனார்; அந்த நேரத்தில் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் என் கடையில் விற்றது. என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு விலாசமும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது ஐம்பத்தெட்டு. ஃபேன், காற்றை வெளியே கொண்டுபோகும் டக்ட் குழாய், அவற்றுக்கான சாமான்கள் விற்கிறேன். ஆரம்பத்தில் எரிந்துபோன ஃபேன்களுக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டிக் கொடுத்துப் பிழைத்தவன். கடைவீதியில் காத்தாடிக்காரர் என்று கேட்டால்தான் என்னைக் காட்டுவார்கள். இறந்தவரோ அவர் கணவரோ எனக்கு உறவுமில்லை, பகையுமில்லை.

இறந்தவரின் அண்ணன் கொடுத்த புகாரில், நாலங்குலக் குழாயும் சின்ன ஃபேனும் போதும் என்றிருக்க, தங்கை புருஷன் வேண்டுமென்றே எட்டங்குலத்தில் பெரிய ஃபேனாக மாட்டித் தங்கையைக் கொன்றுவிட்டார் என்று இருப்பதை இன்ஸ்பெக்டர் எனக்குப் படித்துக் காட்டினார். பட்டறைக்காரர் இப்போது காவலில் இருக்கிறார். அளவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பட்டறைக்காரர் வீட்டின் பின்னறையில் நாற்காலி, பெட்டி, படச்சட்டம் செய்து வார்னிஷ் அடிப்பவர். வார்னிஷ் வாடை வீடு முழுக்க வருகிறது என்று மனைவி சண்டை போடுவதாகச் சொல்லி, அவரும் மைத்துனரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். பணம் கொடுப்பது மைத்துனர் என்பது அவர் உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. பட்டறைக்காரர் நின்றுகொண்டுதான் பேசினார். சுவரில் ஏற்கெனவே நாலங்குல ஓட்டை ஒன்று இருக்கிறது, அதற்குப் பொருந்தினாற்போல் கொடுங்கள் என்று கேட்டவர் அவர்தான்.

அதன் பிறகு நான் அறையின் நீள அகலத்தையும், குழாய் எவ்வளவு தூரம் போக வேண்டும், எத்தனை இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் கேட்டுக் கணக்குப் போட்டேன். வளைவு இரண்டு. ஒவ்வொரு வளைவிலும் காற்று வேகம் இழக்கும். நாலங்குலத்தில் எவ்வளவு பெரிய ஃபேனை வைத்தாலும் சத்தம்தான் வரும், காற்று போகாது. அதை அவர்களுக்குப் புரியும்படி, "கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விடச் சொன்னா எப்படி?" என்று சொன்னேன். வார்னிஷ் ஆவியில் பொறி பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் மோட்டார் குழாய்க்கு வெளியே இருக்கும் வகையைத்தான் எடுத்துக் காட்டினேன். ஆகவே எட்டங்குலம் என்பதும், அந்த ஃபேன் என்பதும் நான் முடிவு செய்தவை. பட்டறைக்காரர் சுவரை இன்னும் இடிக்க வேண்டுமே என்று தயங்கினார்.

அதன் பிறகு, வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வெளிச்சுவரில் ஒரு ஜாலி, அதாவது துளைகள் வைத்த சட்டம், பதிக்க வேண்டும் என்று சொல்லி அதையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். மைத்துனர் சிரித்தார். "காத்து உள்ள வர்றதுக்கும் நீங்களே காசு வாங்குவீங்களா? அதுக்கு வழி தெரியாதா?" என்றார். பட்டறைக்காரர் ஜாலியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அவர்தான் சொல்றாரே மச்சான், வச்சுக்குவோமே" என்றார். அதற்கு மைத்துனர், "மாப்ளே, ஏற்கெனவே ஒரு ஓட்டை, இப்ப பெருசா ஒண்ணு, அதுக்கு மேல இன்னொண்ணா? அது என் தங்கச்சி வீடா, சல்லடையா?" என்றார். நானும் சிரித்தேன். பட்டறைக்காரர் ஜாலியை மேசைமேலேயே வைத்துவிட்டார்.

அதன் பிறகு என் ஆள் போய் மாட்டிவிட்டு வந்தான். நான் வீட்டைப் போய்ப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து பட்டறைக்காரரின் மனைவியான அந்த அம்மா கடைக்கு போன் செய்தார். முகம் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும். "அண்ணே, இப்பத்தான் சாப்பாட்டுக்கு அதோட வாசனையே தெரியுது" என்றார். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கதவு இடுக்குகளில் தானே ரப்பர் பட்டை வாங்கி ஒட்டிவிட்டதாகவும், இப்போது துளி வாடைகூட வீட்டுக்குள் வருவதில்லை என்றும் சொன்னார். அதன் பிறகு, "ஆனா குளிச்சிட்டு வந்தா தலை கிர்ருங்குதுண்ணே" என்றார். வாடை தெரியாவிட்டாலும் வார்னிஷ் ஆவி இன்னும் எங்கோ தங்கியிருக்கும் என்று நினைத்து, "ஃபேனை இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடச் சொல்லுங்கம்மா" என்றேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு இறந்த செய்திதான் வந்தது. இன்ஸ்பெக்டர் அழைத்துப் போனபோதுதான் அந்தப் பட்டறையை முதன்முதலாகப் பார்த்தேன். குளியலறைக் கதவு பட்டறைக்குள்தான் திறக்கிறது. குளியலறையில் கேஸில் எரியும் ஹீட்டர் இருக்கிறது, அதன் புகைக்குழாய் கூரைக்குப் போகிறது. பட்டறை ஜன்னல் சாத்தியிருந்தது. ஈர வார்னிஷில் தூசி ஒட்டும் என்பதால் இந்தத் தொழில் செய்பவர்கள் ஜன்னலைத் திறப்பதில்லை. வீட்டுக் கதவு இடுக்கில் ரப்பர் பட்டை நேர்த்தியாக ஒட்டப்பட்டிருந்தது. மூலைகளில் கத்தரித்துப் பொருத்தியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் முன்னிலையில், ஹீட்டரை எரிய விடாமல் ஃபேனை மட்டும் போட்டுவிட்டு, ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஹீட்டரின் புகைக்குழாய் ஓரம் பிடித்தேன். காகிதம் என் பக்கமாக வளைந்தது. வேறு வழியில்லாததால் ஃபேன் கூரைக் குழாய் வழியாகவே காற்றை உள்ளே இழுக்கிறது. ஹீட்டர் எரியும்போது அதன் புகையும் வெளியே போகாமல் குளியலறைக்குள்ளேயே இறங்கும். ஜன்னலைத் திறந்ததும் காகிதம் நிமிர்ந்தது. நாலங்குலக் குழாயாக இருந்திருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது. அந்த அம்மா வாடையோடு சண்டை போட்டுக்கொண்டு உயிரோடு இருந்திருப்பார்.

அறையின் அளவைக் கேட்டேன், வளைவு எத்தனை என்று கேட்டேன், என்ன வார்னிஷ் என்று கேட்டேன். அந்த அறைக்குள் வேறு எந்தக் கதவு திறக்கிறது என்று கேட்கவில்லை. ஹீட்டரைப் பற்றிக் கடையில் யாரும் பேசவில்லை. பட்டறைக்காரர் பெரிய ஃபேன் கேட்கவில்லை.

இதுவரை எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருக்கும் பயந்தோ யாருக்காகவோ சொன்னதில்லை. கையெழுத்துப் போடும் முன், கடையில் ஒத்துக்கொண்ட நிபந்தனை என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டதால் அதையும் சேர்க்கச் சொல்கிறேன். ஃபேன் ஒன்று, எட்டங்குலக் குழாய், வளைவு இரண்டு, மாட்டும் கூலி, எல்லாம் சேர்த்து ஒரே விலை. ஜாலி வேண்டாம் என்று புகார் கொடுத்தவர் சொன்னதால் அதன் விலையைக் கழித்துக்கொள்வது. காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது. ஜன்னல் திறக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வியாபாரம் முடிந்துவிட்டது என்று எழுந்து கை கொடுத்தேன். மைத்துனர் கை கொடுத்தார். ஜாலி நீங்கலாக.