பாசி போடாத சூப்பு

நாரே: அந்தப் பிளாஸ்கைத் தொறக்காதே இன்ஹோ! மூடு.

இன்ஹோ: சூடா இருக்குக்கா. பொறந்த நாளும் அதுவுமா, நம்ம வழக்கப்படி ஒரு வாய் கடல்பாசி சூப்பு குடிக்காம...

நாரே: பொறந்த நாள் வருஷா வருஷம் வரும். என்னோட சோலார் செல்லை அளக்கிற நாள் வருமா? இன்னைக்குப் போய்ப் பாசியைக் கொண்டாந்து நீட்டுறே.

இன்ஹோ: வெயில்லேருந்து கரண்ட் எடுக்கிற ஆராய்ச்சி பண்றீங்க. பாசி குடிச்சா காரியம் வழுக்கிடும்னு பயப்படுறீங்க.

நாரே: நீ பரீட்சை அன்னைக்குக் குடிச்சியா?

இன்ஹோ: ...எங்கம்மா அந்த வாரமே சமையக்கட்டுல பாசியைச் சேக்க மாட்டாங்க.

நாரே: அப்ப பேசாதே.

இன்ஹோ: அதான் ஜவ்வு மிட்டாயும் கொண்டாந்திருக்கேன்ல? வழுக்குறதுக்கு அது, ஒட்டுறதுக்கு இது. சரிக்குச் சரி.

நாரே: மிட்டாயைக் குடு. சூப்பை அங்க வை.

இன்ஹோ: செல்லு ரெண்டு வாரமா சோதனை அடுப்புல வெந்தது போதாதா? எடுத்து அளந்துடலாம், வாங்க.

நாரே: பொறு... அவசரப்படாதே.

இன்ஹோ: நீங்களா பொறுன்னு சொல்றது? விட்டா அடுப்புக்குள்ளயே பாய் விரிச்சுப் படுப்பீங்களே!

நாரே: போன தடவை அவசரப்பட்டுத்தானே அசிங்கப்பட்டேன். தேர்வுக்குழு முன்னாடி டேப்பை ஒட்டி இழுத்தேன். செல்லு மேல இருந்த வெள்ளி அப்படியே டேப்போட வந்துருச்சு. வெயில்ல உரிஞ்ச தோல் மாதிரி.

இன்ஹோ: வெள்ளிக்கும் அதுக்குக் கீழ இருக்கிற, கரண்ட் எடுக்கிற மை அடுக்குக்கும் எப்பவுமே ஆகாதுக்கா. மாமியா, மருமக. நடுவுல ஒருத்தர் வேணும்.

நாரே: அதுக்குத்தானே பாலிமரைப் பூசினேன். தடிச்சா கரண்ட் போகல. மெலிஞ்சா ஒட்டல. மழைக்காலம் வேற, ஈரத்தைக் குடிச்சுட்டு அதுவே ஊதிப்போச்சு.

இன்ஹோ: இப்பத்தான் வேற பாலிமரு, வேற பக்குவமாச்சே.

நாரே: அன்னைக்கு எங்கப்பா போன்ல என்ன சொன்னாரு தெரியுமா? "விட்டுட்டு வீட்டுக்கு வந்துரு"ன்னாரு.

இன்ஹோ: பாசத்துல சொல்லியிருப்பாரு.

நாரே: எனக்கு அன்னைக்குப் பாசம் வேண்டியிருக்கல. "இது ஒட்டுற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதீங்க"ன்னு கத்திட்டேன்.

இன்ஹோ: அப்புறம்?

நாரே: அப்புறம் என்ன? பண்ணவே இல்ல. ஒண்ணரை வருஷம் ஆச்சு. வாண்டோ தீவுக்காரரு, கடல்ல பாசி வளக்கிறவரு. வீம்புல அவரு அப்பன், நான் பொண்ணு.

இன்ஹோ: நீங்க பண்ணியிருக்கலாம்ல?

நாரே: ஒட்டாம எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு?

இன்ஹோ: ...ஒரே ஒரு வாய் குடிங்கக்கா. ஆறிடும்.

நாரே: விடமாட்டியா நீ? எங்க வாங்கின?

இன்ஹோ: தெருமுனைக் கடையில.

நாரே: அந்தக் கடைக்காரி மத்தியானந்தான தொறப்பா?

இன்ஹோ: பின்... பின்வாசல்ல போய் வாங்கினேன்.

நாரே: குடு, மோந்தாவது பாக்குறேன். ம்... மாட்டுக்கறி. பூண்டு. எள்ளெண்ணெய்... டேய், பாசி எங்க?

இன்ஹோ: அடியில இருக்கும்.

நாரே: அடி வரைக்கும் கிளறிட்டேன். பாசி சூப்புல பாசியே இல்ல.

இன்ஹோ: மறந்திருப்பாங்களோ? ...அக்கா? எதுக்கு அழறீங்க? அக்கா...

நாரே: காலேஜ் நுழைவுத் தேர்வு அன்னைக்கும் எனக்குப் பொறந்த நாள். வீடு பூரா பாசி காயுது. அப்பா விடியக்காலம் எந்திரிச்சு இப்படித்தான், பாசி போடாம வச்சாரு. "பொறந்த நாளும் கொண்டாடியாச்சு, வழுக்கவும் வழுக்காது"ன்னாரு. இந்தச் சூப்பை உலகத்துல வேற யாருடா வைப்பா?

இன்ஹோ: காலையில அவரே வந்து குடுத்தாருக்கா. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.

நாரே: எத்தனை நாளா நடக்குது இது?

இன்ஹோ: மொதல்லேருந்தே. லேப் நம்பருக்குப் பண்ணாரு, நான் எடுத்தேன். "அவளுக்குத்தான் பண்ணக்கூடாது, உனக்குப் பண்ணலாம்ல தம்பி?"ன்னு கேட்டாரு. வாராவாரம் பேசுவாரு. சாப்புடுறாளா, தூங்குறாளா... அந்தப் பூச்சு ஒட்டுச்சா.

நாரே: பூச்சைப் பத்திக்கூடவா?

இன்ஹோ: "கயித்துல பாசி பிடிக்கிற மாதிரிதானே?"ன்னாரு. கிட்டத்தட்ட அப்படித்தான்னேன்.

நாரே: ஆக, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீதான் பூச்சு.

இன்ஹோ: பூச்சோ பசையோ... வாங்க, அளந்துடலாம். ஒட்டியிருந்தா நீங்களே அவரைக் கூப்பிடலாம்ல?

நாரே: அளந்தாச்சு.

இன்ஹோ: என்னது?

நாரே: நீ வர்றதுக்கு முன்னாடியே. டேப்பை ஒட்டி இழுத்தேன். டேப்பு வெறுமனே வந்துச்சு, வெள்ளி அசையல. கரண்டும் குறையல.

இன்ஹோ: அக்கா! ஒட்டிருச்சா? அப்ப சூப்பை மூடு மூடுன்னு என்னை ஏன் வெரட்டுனீங்க?

நாரே: பயம்டா. ஒட்டலேன்னா பேசாம இருக்க ஒரு சாக்கு இருக்கு. ஒட்டிருச்சுன்னா நான்தானே போன் பண்ணணும்? இவ்வளவு நாள் கழிச்சு... அவரு எடுக்கலேன்னா?

இன்ஹோ: இந்தாங்க, என் போன். மணி அடிக்குது.

நாரே: டேய், அழுத்திட்டியா? ஐயோ...

அப்பா: இன்ஹோ தம்பியா? குடிச்சாளா? கண்டுபிடிச்சுட்டாளா?

நாரே: அப்பா... நான்தான்ப்பா.

அப்பா: ...ஒட்டாமப் பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தியேம்மா.

நாரே: ஒட்டிருச்சுப்பா.

அப்பா: இழுத்துப் பாத்தியா?

நாரே: பாத்தேன். வரல.

அப்பா: ம்.

நாரே: அவ்வளவுதானா? வெறும் "ம்"தானா? இதுக்கா இம்புட்டு தூரம் சூப்பைத் தூக்கிட்டு வந்தீங்க? இந்நேரம் ஊருக்குப் பாதி தூரம் போயிருப்பீங்க...

அப்பா: போகலம்மா. கீழதான், வண்டியில உக்காந்திருக்கேன். மடியில இன்னொரு பிளாஸ்க் இருக்கு... அதுல பாசி போட்டிருக்கேன்.