எட்டு மணி நேரப் பன்றிக்கறி

ஹவாய்க்காரர்கள் பன்றியை மண்ணுக்குள் புதைத்துச் சுடுவார்களாம். ரங்கூன் தின்கன்ஜூனில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவன் எங்கே போய்க் குழி தோண்டுவது? அதனால் கரண்டுப் பானையில் வைத்தேன். தோள்பட்டைக் கறி, கல்லுப்பு, சுற்றிக்கட்ட வாழையிலை, அவ்வளவுதான். எட்டு மணி நேரம் மூடியைத் திறக்காமல், சூடு இறங்காமல் வேக வேண்டும்.

என் வீட்டில் செய்ய வழியில்லை. மனைவி பவானி, மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறாள். பன்றி என்ற பேச்சை எடுத்தாலே மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறாள். நான் சமைத்தது எதிர்வீட்டுப் பழனியப்பன் அண்ணனுக்காக. இன்ஸ்பெக்டர் ஸயா, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் வாலிபத்தில் கப்பலில் வேலை பார்த்தவர். ஹவாயில் தின்ற அந்தக் கறியை, "சாகறதுக்குள்ள இன்னொரு வாட்டி தின்னு பாத்துடணும் கோபி" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கை. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின், கரண்டு போனால் அதை ஓட்ட ஒரு பேட்டரி.

சனிக்கிழமை காலை அவர் மனைவி விஜயகுமாரி அக்கா த்வாண்டேயில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். "தம்பி, கரண்டு போனா மிஷினு பிளக்க பேட்டரியில மாத்தி விட்ருங்க. வேற ஒரு வேலையும் இல்ல" என்றார். தலையாட்டினேன். ஏழு மணிக்கு அவர்கள் வீட்டிலேயே பானையைப் போட்டேன். விறகுப் புகை காட்டினால் ருசி கூடும். காட்டவில்லை. மூச்சு நோயாளி இருக்கிற வீடு, எனக்கும் மனசாட்சி உண்டு.

ஒன்பது மணிக்கு வழக்கம்போலக் கரண்டு போனது. பேட்டரியில் பிளக் மாட்ட இருந்தது ஒரே ஒரு இடம்.

முதலில் நியாயமாக முறை வைத்தேன். அண்ணனுக்குப் பத்து நிமிடம், பானைக்குப் பத்து நிமிடம். பானையின் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. அரைவேக்காட்டுப் பன்றி தின்றால் நாடாப்புழு வரும். நோயாளிக்கு அதையா கொடுப்பது? மூச்சு விடுவதில் அவருக்கு எழுபத்திரண்டு வருட அனுபவம். எனக்கோ இந்தச் சமையல் முதல் தடவை. இரண்டு பேரில் யாருக்கு ஒத்தாசை வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பதினோரு மணிக்கு, "கோபி, காத்து வரலப்பா" என்றார். ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

"மிஷினு... மிஷினு..."

"கொஞ்சம் பொறுங்கண்ணே. ஒங்களுக்குத்தானே வேகுது" என்றேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தார். படுக்கையில் கிடப்பவர் என்றாலும் நல்ல பிடி. பிறகு மெல்ல விட்டுவிட்டார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன், மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்று மணிக்கு மூடியைத் திறந்தேன். விரல் பட்டாலே கறி நார் நாராகப் பிரிந்தது. பக்குவம் என்றால் அப்படி ஒரு பக்குவம். இருந்ததில் நல்ல துண்டாக எடுத்து, ஊதி ஆற்றி, அவர் வாயில் வைத்தேன். மெல்லவே இல்லை.

பிளக்கைப் பிடுங்கியது நான்தான். மறுக்கவில்லை, எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அண்ணன் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள். எட்டு மணி நேரம் ஒருத்தன் அவருக்காகப் பானையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.