தாலி கட்டும்போது ஓடிய பாட்டு

“தாலி கட்டறப்ப ஒப்பாரி ஓடிருச்சுங்க.”

மலையேறும் வாழவந்தி நாட்டு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், மடியில் குழாய் ஸ்பீக்கரை வைத்திருந்த மைக்செட்காரர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“ஏனுங்க, எப்படிங்க?”

“பழைய கம்ப்யூட்டர்ல கல்யாணப் பாட்டு தனியா, எழவுப் பாட்டு தனியா வெச்சிருந்தனுங்க. புதுசுக்கு மாத்தறப்ப எல்லாம் ஒண்ணாக் கலந்து, பேரெல்லாம் போயி வெறும் நம்பராயிருச்சு. கெட்டிமேளம்னு நெனச்சு ஒண்ணை அமுக்குனேன்.”

“அய்யோ சாமி! உடனே நிறுத்தலீங்களா?”

“கையே ஓடலீங்க. ‘என்னை உட்டுப் போனியே’ன்னு மலையே கேக்கற மாதிரி அழுகுது.”

“பொண்ணூட்டுக்காரங்க உங்களைச் சும்மாவா உட்டாங்க?”

“பொண்ணுக்கு அப்பனே நாந்தானுங்க.”