ஆர்ஜொந்தெயில் மெற்றோ ஓடுவதில்லை

— சுத்தி வளைக்காதேங்கோ, ஸ்ரனிஸ்லாஸ். உங்கடை ஆர்ஜொந்தெய் வீட்டுப் பக்கத்தாலை எத்தினை மெற்றோ ஓடுது? அதை மட்டும் சொல்லுங்கோ.

— மெற்றோவோ? என்ன கோசலை ரீச்சர், பகிடி விடுறியள். அங்கை ஏது மெற்றோ? சென்-லசாருக்குப் போற ரெயின் மட்டும்தான்.

— அப்ப இதைக் கேளுங்கோ. போன புதன்கிழமை உங்கடை மகள் எனக்கு வாட்சப்பிலை அனுப்பின பயிற்சி. வர்ணத்திலை மூண்டாவது வரி வருது... இப்ப. கேட்டியளோ?

— கேட்டன். அந்தோனியாராணை, வடிவா வாசிக்கிறாள் என்ரை பிள்ளை.

— வயலினை விடுங்கோ. அதுக்குப் பின்னாலை கேளுங்கோ. கிரீச்செண்டு வந்து நிக்குது. பிறகு கதவு மூடுற சத்தம். மூண்டு நிமிசத்துக்கு ஒருக்கால்.

— அது ரெயின்தான் ரீச்சர். எங்கடை வீடு தண்டவாளத்தோடை ஒட்டினமாதிரி.

— ரெயின் எது, மெற்றோ எது எண்டு எனக்கே சொல்லித் தாறியளோ? இருபத்திரண்டு வருசமாய் இந்த லாசப்பலிலை, தலைக்கு மேலாலை மெற்றோ ஓட ஓடத்தான் சனிக்கிழமை வகுப்பு நடத்துறன். பொபினிக்கு வீட்டை போய்ப் படுத்தாலும் காதுக்குள்ளை அதுதான் ஓடும்.

— அப்ப... ஒருநாள் கடைக்கு வந்த இடத்திலை வாசிச்சிருப்பாள்.

— ஒருநாளோ? ஏழு கிழமை, ஏழு பதிவு. ஏழிலையும் இதே சத்தம். சரி, பயிற்சிக் கொப்பியைத் தாங்கோ. இது ஆற்றை கையெழுத்து?

— என்ரைதான்.

— திங்கள் முப்பது நிமிசம், செவ்வாய் முப்பது நிமிசம், ஞாயிறும் முப்பது. ஏழு நாளும் ஒரே பேனை, ஒரே சாய்வு. காருக்குள்ளை இருந்து ஒரேயடியா எழுதினதோ?

— வேலையாலை வந்து ஒவ்வொரு நாளும் பேனை தேடேலுமோ ரீச்சர்? கிழமை முடிவிலை எழுதுறனான். ஆனால் பிள்ளை வாசிக்கிறதெண்டது உண்மை.

— இதிலை எழுதின திங்களும் செவ்வாயும் நீங்கள் குடும்பமாய் லூர்து மாதாவிட்டைப் போய் நிண்டனீங்கள். உங்கடை மனிசி அற்புதமலர்தான் படம் அனுப்பினவ. வயலினும் யாத்திரை வந்ததோ?

— ...அது மறந்துபோச்சு.

— ஜெனவியேவ், இஞ்சை வா பிள்ளை. இடக்கையைக் காட்டு.

— பூர்க்குவா?

— தமிழிலை கேள்.

— ஏன் ரீச்சர்?

— நாளுக்கு அரை மணித்தியாலம் வாசிக்கிற கையெண்டால் விரல் நுனியிலை கம்பி தடம் போட்டிருக்கும். இது இப்ப சுட்ட பாண் மாதிரி மெத்தெண்டு கிடக்கு. இஞ்சை எனக்கு முன்னாலை நாலு சுரம் சுருதியோடை நிக்குதில்லை. புதன்கிழமை மட்டும் கச்சேரி வாசிக்கிறாய். எப்பிடி?

— அது... வீட்டிலை பயம் இல்லை.

— நல்ல மறுமொழி. தகப்பனிட்டைப் பழகினதோ?

— ரீச்சர், பிள்ளையை ஏன் போட்டு வறுக்கிறியள்? பதின்மூண்டு வயசு. சோதனைப் படிவம் புதன்கிழமை கட்டாயம் போகவேணும். "ஒழுங்காய்ப் பயிற்சி செய்தவர்" எண்ட இடத்திலை நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் காரியம் முடிஞ்சுது. போடாட்டில் பிள்ளைக்கு ஒரு வருசம் மண். அவளோடை படிச்ச எல்லாரும் நாலாந்தரம் எழுத, இவள் மட்டும் சின்னனுகளோடை இருப்பாளோ?

— பொய்க்குக் கீழை நான் கையெழுத்துப் போடுறதில்லை. விளங்குதோ? இது காசு குடுத்து வாசிப்பிச்சது. ஆரெண்டும் எனக்குத் தெரியும்.

— ஆரெண்டு?

— அங்காலை பிலிப்-து-ஜிரார் தெரு மூலையிலை போன வருசம் வகுப்புத் துவங்கினாரே, மரியரட்ணம் மாஸ்ரர். உங்கடை கோயில் ஆள். ரெண்டு தோணியிலை கால் வைச்சுக்கொண்டு வந்து, என்னட்டைக் கையெழுத்தும் கேக்கிறியள்.

— ஐயோ, அந்தோனியாராணை அந்த மனிசனோடை நான் பூசைக்குப் பிறகு கதைக்கிறதோடை சரி!

— அப்ப பயமென்ன? இந்தா, அவருக்கே அடிக்கிறன். உங்களுக்கு முன்னாலைதான். என்ரை மாணவியின்ரை பேரிலை களவாய் வாசிச்சுக் குடுத்தனீங்களோ எண்டு கேக்கிறன்.

— வேண்டாம் ரீச்சர், போனை வையுங்கோ...

— மணி போகுது.

— அறெத்தே! நிப்பாட்டுங்கோ! மாஸ்ரர் இல்லை. அது துஷாந்தி அக்கா!

— ஜெனவியேவ்! உன்னை நான் என்ன சொல்லி வைச்சனான்?

— அவர் ஒண்டும் செய்யேல்லை, பப்பா. செய்யாத ஆளுக்கு ஏன் ஏச்சு விழவேணும்?

— ...போனை வைச்சிட்டன். எந்தத் துஷாந்தி, பிள்ளை?

— உங்கடை துஷாந்தி அக்கா. உங்கடை மகள்.

— ரீச்சர், இருங்கோ. இந்தக் கதிரையிலை இருங்கோ. நான் சொல்லுறன். புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை, நான் கடையிலை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க ஆள் தேடேக்கைதான் துஷாந்தி ஆம்பிட்டவ. லாசப்பல் ஸ்ரேசனுக்கு நேர் முன்னாலை மூண்டாம் மாடி. தை மாசம்தான் வந்தவ. "அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை" எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவ. அதுதான் நான் ரெயின் எண்டன். ஆனால் வயலின் விசயம் சத்தியமாய் எனக்குத் தெரியாது. பிள்ளை வாசிக்கிறாள் எண்டுதான் நினைச்சனான்.

— தை மாசமோ? நாலு வருசமாய் உயிரோடை இருக்கிறாளோ எண்டு தெரியாமல் இருந்தன். ரெண்டு தெரு தள்ளி இருந்திருக்கிறாள்.

— சனிக்கிழமை மட்டும் லாசப்பல் பக்கம் தலை காட்டமாட்டா, ரீச்சர்.

— ஜெனவியேவ், இதை அவள்தான் செய்யச் சொன்னவளோ?

— இல்லை. முதல் நாள் எனக்கு அந்த வரி வரேல்லை. அக்கா என்ரை வயலினை வாங்கி இப்பிடித்தான் எண்டு வாசிச்சுக் காட்டினவ. நான் களவாய் ரெக்கோட் பண்ணி அனுப்பினனான். அது என்ரை பிழை. பிறகு நீங்கள் குரலிலை மறுமொழி அனுப்பினீங்கள். "நல்லாயிருக்கு, பிள்ளை. நல்லாயிருக்கு" எண்டு.

— ஓம்.

— அக்கா அதைக் கேட்டிட்டு என்னை ஏசுவா எண்டு நினைச்சன். ஏசேல்லை. திருப்பிப் போடு எண்டவ. எத்தினை தரம் கேட்டவ எண்டு தெரியாது. அடுத்த புதன் தானே வயலினை எடுத்தவ. ஆனால் அக்கா சொன்னவ, "அம்மா கண்டுபிடிப்பா. கண்டுபிடிச்சால் கையெழுத்துப் போடமாட்டா. எனக்கும் போடேல்லை. நான் வாசிச்சும் போடேல்லை" எண்டு.

— என்ன கதை இது, ரீச்சர்? சொந்த மகளுக்கோ?

— சொந்த மகளுக்குத்தான். கடைசித் தரச் சோதனை. கொப்பியிலை நாளுக்கு நாலு மணித்தியாலம் எண்டு எழுதிக்கொண்டு வந்தாள். என்ரை வீட்டிலை, என்ரை காதுக்குக் கேளாமல் எங்கை வாசிச்சனீ எண்டு கேட்டன். நாப்பது பிள்ளையளுக்கு முன்னாலை. பொய்க்காரி எண்டன். இனி வயலினைத் தொடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டவள்தான். ரெண்டு கிழமை கழிச்சுப் பக்கத்து வீட்டு லோறன்ஸ் மதாம் கேக்கிறா, கீழை கார் பார்க்கிங்கிலை ஒவ்வொரு நாளும் பொழுதுபட வாசிக்கிற பிள்ளையைக் காணேல்லையே எண்டு. மேலை வீட்டிலை நான் மற்றப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன், குழப்பக்கூடாதெண்டு அந்தக் குளிருக்குள்ளை போய் நிண்டு வாசிச்சிருக்கிறாள். சந்தேகம் எண்ட பேயை நான்தான் வீட்டுக்குள்ளை வைச்சு வளர்த்தன். அது பெத்த பிள்ளையைத் தின்னும் எண்டு தெரியேல்லை.

— அழாதேங்கோ ரீச்சர்.

— இந்தப் பதிவின்ரை கடைசியைக் கேளுங்கோ. வாசிச்சு முடிய, சுண்டுவிரலாலை கீழ்க் கம்பியிலை ஒரு தட்டு. கேட்டியளோ? கடை பூட்டுற மாதிரி ஏன் தட்டுறாய் எண்டு பத்து வருசம் ஏசினன். விட்டவளோ?

— அப்ப உங்களுக்கு முதலே தெரியும்!

— முதல் பதிவிலையே காதுக்குத் தெரிஞ்சுது. மனம் நம்பேல்லை. உங்கடை வாயாலை கேக்கவேணும் போலை கிடந்தது.

— அடக் கடவுளே! அப்ப ஏன் மரியரட்ணத்தாரை இழுத்தனீங்கள்?

— நீங்கள் வாய் திறக்கமாட்டியள். பிள்ளை திறப்பாள் எண்டு தெரியும். மணி போகுதெண்டதும் பொய்தான், நான் அடிக்கேல்லை. ஜெனவியேவ், இவ்வளவு காலமும் இந்த வகுப்பிலை உனக்கு நான் எப்பவாவது நல்லாயிருக்கெண்டு சொன்னனானோ?

— ...இல்லை.

— அப்ப அது ஆருக்குச் சொன்னது எண்டு விளங்குதோ?

— வ்வி... ஓம், ரீச்சர்.

— அப்ப படிவம், ரீச்சர்? பிள்ளை பிழை விட்டிட்டாள், ஓம். ஆனால்...

— அதுக்கு ஒரு வழி சொல்லுறன். பிள்ளை, புதன்கிழமை பின்னேரம் ரெண்டு பதிவு அனுப்பு. ஒண்டு நீ வாசிச்சது. பிழையளோடை, நிண்டு நிண்டு, எப்பிடி வந்தாலும் பறவாயில்லை. அது உன்ரை கையெண்டால் அண்டைக்கே கையெழுத்துப் போடுறன்.

— மற்றது, ரீச்சர்?

— மற்றதுக்கு ஜன்னலைச் சாத்திப்போட்டு வாசிக்கச் சொல்லு. மெற்றோச் சத்தத்திலை எனக்கு வடிவாக் கேக்குதில்லை.