வலது பக்கத்துச் சொற்கள்

— 'ஃபீவர்'?

— காய்ச்சல். அடுத்ததைக் கேளுடி, விலியா.

— 'வாமிட்'?

— வாந்தி. 'லிவர்' ஈரல். இந்த இங்கிலீஷ் புஸ்தகத்துல இடது பக்கம் இருக்கிற வியாதியெல்லாம் எனக்கு வந்துடுச்சு. வலது பக்கத்தைக் கேளு.

— நல்ல வார்த்தையா சொல்லு, ஸ்டாசிஸ்! வியாதி வந்துடுச்சாம். மாதாவே! வலது பக்கம் பூரா திருட்டும் பொய்யும். அது நமக்கு எதுக்கு?

— எதுக்கா? அந்த அயர்லாந்துப் பையன் மறுபடி போன் பண்ணுவான். பக்கத்துல போலீஸ் இருந்தா? இடது பக்கத்தை மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்ன பேசுறது?

— கியெரன் நல்ல பையன். நம்ம பொண்ணைக் கட்டிக்கப் போறவன் போலீஸைக் கூட்டிட்டு வருவானா?

— காலையில அவன் குரலைக் கேட்டியா நீ? ஆத்துல விழுந்தவன் மாதிரி கத்தினான். எனக்குப் புரிஞ்சது ரெண்டே ரெண்டு. 'ஊக்னே'. 'ஹாஸ்பிடல்'.

— எனக்கும் அதான். நம்ம ஊக்னேயும் போனை எடுக்க மாட்டேங்குறா. பக்கத்து வீட்டு ப்ரோனே டீச்சர் இருந்தா இங்கிலீஷ்ல பேசியிருப்பா. இன்னிக்குன்னு பார்த்து அலிதூஸ்ல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போகணுமா? அவ போன் இங்கே அவ வீட்டு அடுப்பு மேடையில கிடக்கு.

— அப்போ இந்தப் புஸ்தகம் எப்படி வந்துச்சு?

— அவ வீட்டுச் சாவி நம்மகிட்டதானே இருக்கு. அலமாரியிலேர்ந்து எடுத்துட்டு வந்தேன்.

— கேட்காமலா? 'தெஃப்ட்'. திருட்டு. வலது பக்கம், முதல் வரி.

— சிரிக்காதே. உன் முகத்துல ரத்தமே இல்ல. வேர்த்துக் கொட்டுது. புதினா டீ போடவா?

— வேண்டாம். உள்ளே எதுவும் நிக்க மாட்டேங்குது. வயித்தைக் கலக்குது.

— எல்லாம் பயம்தான்.

— 'கில்டி' கேளு.

— எதுக்கு அது?

— நானே சொல்றேன். குத்தம் செஞ்சவன். ஊக்னே நேத்து போன்ல என்ன சொன்னா? ராத்திரி கியெரனோட அம்மா விருந்துக்கு வர்றாங்க, அப்பா நூல்ல கோத்துக் காயவெச்சு அனுப்பின காளான் மாலையை அவுத்து சூப் வைக்கப் போறேன்னா. விடிஞ்சா ஹாஸ்பிடல். வேற என்னவா இருக்கும்?

— உன் காளானா? நம்ம ஊர்க் காட்டுல உன்னை மாதிரி பொறுக்க ஆளே இல்லைன்னு நீயேதானே பீத்திக்குவே.

— இந்த வருஷம் மழை இல்லடி. நல்ல காளான் பாதி மாலைக்குத்தான் வந்துச்சு. மீதிக்குக் கண்டதையும் கோத்தேன். அதுவும்... சரியாத் தெரியல எனக்கு.

— என்ன தெரியல?

— கண்ணு. ரெண்டு கண்ணுலயும் பால் ஊத்தின மாதிரி இருக்கு. தடவிப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் பொறுக்கினேன். உன்கிட்ட சொன்னா கூடையைப் பிடுங்கி வெச்சுக்குவேன்னு சொல்லல. என் பொண்ணை நானே கொன்னுட்டேன், விலியா.

— நிறுத்து. அந்த மாலையை அவ சாப்பிடல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— அதை நான் அடுப்புல போட்டுட்டேன்.

— என்னது?

— உன் கண்ணு விஷயம் எனக்கு வசந்த காலத்துலயே தெரியும். தபால்காரியைப் பார்த்து 'வா, ப்ரோனே'ன்னு கூப்பிட்டவன் நீ. உன் காளானை எப்படிப் பொண்ணுக்கு அனுப்புவேன்? நானே போய்ப் பொறுக்கி, நானே காயவெச்சு, அதே மாதிரி கோத்து அனுப்பினேன்.

— நீயா? கடற்கரையில பொறந்து, மீனைத் தவிர எதையும் தொடாதவ நீ! காளானை வாயிலகூட வைக்க மாட்டே! எங்கே பொறுக்கினே?

— உன் இடத்துலதான்.

— என் இடமா! அப்பா எனக்கு மட்டும் காட்டின இடம்டி அது! என் கூடப் பொறந்தவனுக்கே சொன்னதில்ல!

— மெதுவா. பின்னாலேயே வந்தேன். உனக்குத்தான் கண்ணு தெரியாதே. நீ பொறுக்குறதைப் பார்த்தேன், மறுநாள் அதே மாதிரி இருக்கிறதா எடுத்தேன். பச்சையா ரெண்டு மூணு இருந்துச்சு, அழகா இருக்கேன்னு அதையும் எடுத்துட்டேன், விஷமான்னு யோசிக்கவே இல்ல. குத்தம் என்னோடது, ஸ்டாசிஸ். அந்த வார்த்தையை எனக்குச் சொல்லிக் குடு.

— குடுக்க மாட்டேன். மாலை நான் கோத்ததுன்னு ஊருக்கே தெரியும். அப்படியே இருக்கட்டும்.

— செய்யாத குத்தத்தை ஒத்துக்குவியா?

— கண்ணு தெரியாதவனை ஜெயில்ல எங்கே வெச்சா என்ன? நீ வாயைத் திறக்காதே... போன். விடு, நான் எடுக்கிறேன்.

— ஸ்டாசிஸ், வேண்டாம்!

— ஹலோ! கியெரன்! ஐ கில்டி! மஷ்ரூம் மை! ஒய்ஃப் நோ! ஒய்ஃப் குட்!

— அப்பா? என்னப்பா உளர்றே?

— ஊக்னே! விலியா, அவளேதான்டி! உயிரோட இருக்கியாம்மா?

— ஏன்ப்பா இருக்க மாட்டேன்? படியில வழுக்கிக் கணுக்கால் உடைஞ்சிடுச்சு. கட்டுப் போட்டிருக்காங்க. கியெரன் ஒண்ணும் சொல்லலியா?

— குடு இங்கே! ஊக்னே, அந்தக் காளான்? சூப் குடிச்சியா? யாராவது குடிச்சீங்களா?

— எங்கேம்மா குடிக்க! கியெரனோட அம்மா மாலையைப் பார்த்துட்டு, உங்க ஊரு அலங்காரமான்னு ஆசையாக் கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள வாசக்கதவுல ஆணியடிச்சு மாட்டிட்டாங்க. மழையில ஊறித் தொங்குது. நான் உருளைக்கிழங்கு சூப் வெச்சேன்.

— மாதாவே, அந்தம்மா நூறு வருஷம் நல்லா இருக்கணும்! கேட்டியா, ஸ்டாசிஸ்? கதவுல தொங்குதாம்! இனிமே உன் வயிறும் சரியாயிடும். எல்லாம் அந்தப் போன் குடுத்த பயம்.

— விலியா. வயித்தைக் கலக்க ஆரம்பிச்சது போனுக்கு முன்னாடி. விடியறப்போ ரெண்டு தடவை எழுந்து போனேன். உன்னை எழுப்பல.

— என்ன சொல்றே?

— நேத்து மத்தியானம் எனக்கு மட்டும் ஒரு சூப் வெச்சுக் குடுத்தியே. அந்தக் காளான் எது?

— அம்மா? அப்பாவுக்கு என்ன? 

— மாலைக்கு... மாலைக்குக் கோத்தது போக மிஞ்சினது, ஸ்டாசிஸ்.

— அழாதே. போனை வெச்சுட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இடது பக்கத்தை மட்டும் சொல்லு, வலது பக்கம் நமக்குள்ளேயே இருக்கட்டும்.