கடைசிப் பாட்டுக்கு ஓர் அலறல்

முட்டைக்கோஸை நான் சாப்பிடுவதில்லை. வெறுப்பு ஒன்றுமில்லை, தொழில் மரியாதை. பேய்ப்படங்களுக்குச் சத்தம் செய்து கொடுப்பவள் நான். திரையில் ஒரு கழுத்து முறியும்போது என் கையில் ஒரு முட்டைக்கோஸ் முறிகிறது. இத்தனை வருடம் எனக்காக உயிரை விட்ட ஒன்றைச் சமைத்துச் சாப்பிட மனம் வருமா?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேடம், விசாரிக்க வந்த நேரத்திலிருந்து என்னை ஈவிரக்கம் இல்லாதவள் போலவே பார்க்கிறீர்கள்.

அந்தப் பாட்டு ஆல்பம் என் தங்கையுடையது. அவள் பாடினாள், அவள் கணவர் கிதார் வாசித்தார், மற்ற சத்தமெல்லாம் நான். எல்லாரும் ஒரே வீடு, மாடியில் ஸ்டுடியோ. எலக்ட்ரானிக் தாளம் இயந்திரம் போல ஓடும், அதன் மேல் கிதார் சீறும், திடீரென்று எல்லாம் அறுந்துபோய் ஒரு தாலாட்டு கேட்கும், தாலாட்டுக்குப் பின்னால் யாரோ கதவைச் சுரண்டுவார்கள். இது என்ன வகைப் பாட்டு என்று கேட்பவர்களிடம், "ஆடினா பாட்டு, ஓடினா பேய்ப்படம்" என்பார் மாப்பிள்ளை.

கடைசிப் பாட்டு ஓர் அலறலில் முடியவேண்டும். அது மட்டும் தங்கைக்கு வரவில்லை.

"ஏன்டி, பேயைப் பார்த்துக் கத்துன்னா பால் பொங்கி வழிஞ்ச மாதிரி கத்துற?"

"நான் பாட்டுக்காரிக்கா. பேய்க்காரி நீதானே, நீயே கத்து."

"ஐயோ, அண்ணி கத்தினா பேய் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடும்" என்றார் மாப்பிள்ளை.

மூன்று பேரும் சிரித்தோம். சின்ன வயதிலிருந்தே வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைப் பாடச் சொல்வார்கள். என்னைக் கதவைச் சாத்தச் சொல்வார்கள், வெளிச் சத்தம் வராமலிருக்க. அதில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. சத்தமில்லாமல் கதவைச் சாத்துவதும் ஒரு வித்தைதான்.

நடிப்பில் வராத பயத்தை நிஜத்தில் வரவழைக்கலாமே என்று தோன்றியது. அவளுடைய முணுமுணுப்பு ஒன்றை எடுத்து, வேகத்தைக் குறைத்து, அவள் அறை அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். கேட்டும் கேட்காத அளவுக்குத்தான். அவளுடைய செருப்பைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். குறும்புதான். எந்த அக்கா தங்கையைப் பயமுறுத்தியதில்லை?

அவள் இளைத்தாள். தன் பாட்டைத் தானே கேட்கப் பயந்தாள். மாப்பிள்ளை, வேலைக் களைப்பு என்றார். அவள் அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீ உள்ள வந்தா அந்தச் சத்தம் நின்னுடுதுக்கா. என்கூடவே இரேன்."

நிற்காமல் என்ன செய்யும், நிறுத்தும் பொத்தான் என் பையில்தானே இருந்தது. ஆனாலும் அவள் என் தோளில் தலை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்ன நாட்களில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. எங்கள் வீட்டில் முதல்முறையாக என்னைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார். உண்மையில் அப்போதே நிறுத்தியிருக்கலாம். அலறல் இன்னும் கிடைக்கவில்லையே.

அன்று மத்தியானம் மாப்பிள்ளையைக் கிதார் கம்பி வாங்க அனுப்பினேன். எதிரொலி எடுப்பதற்காக மாடிப்படியில் ஏற்கெனவே மைக் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு நான் மாற்றியது உண்மைதான். கீழே எதிரொலி நன்றாக இருக்கும், அவ்வளவே. ஸ்பீக்கரை மாடிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு இறங்க வந்தாள். அவள் குரல் அவள் காதுக்குப் பின்னாலேயே முணுமுணுத்தது.

என்ன ஓர் அலறல், மேடம். பால் கீல் ஒன்றும் பொங்கவில்லை. தலைமுடி சிலிர்த்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சத்தம் முழுக்க அடங்கும்வரை பதிவை நிறுத்தக்கூடாது. அவசரக்காரர்கள் அங்கேதான் கெடுப்பார்கள். எங்கள் மாடிப்படியில் எதிரொலி லேசில் அடங்காது. அதன்பின் மூச்சு கேட்டது. அதுவும் பதிவில் மிகத் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது. அது மெலிந்தபிறகுதான் ஹெட்போனைக் கழற்றினேன். இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். அவருக்கு ஒலிப்பதிவு பற்றி என்ன தெரியும்? தங்கை வீடு திரும்பவில்லை.

அவள் நினைவாக ஆல்பத்தை முடித்தோம். அலறல் முந்தின நாளே பாட்டு அறையில் எடுத்தது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். கேட்டுக் கேட்டு அழுதார். கேட்டவர்கள் எல்லாரும் அந்தக் கடைசிப் பாட்டைத்தான் கொண்டாடினார்கள்.

தப்பு என்னுடையதுதான். டம்ளர் உருண்ட சத்தத்தை நான் நீக்கியிருக்கவேண்டும். ஆனால் படிப்படியாக அது விழுந்த விதம் தாளத்தோடு அப்படிப் பொருந்தியது, எந்த வாத்தியக்காரராலும் வாசிக்க முடியாது. வெட்டக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். போன வாரம் மாப்பிள்ளை ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, பாட்டு ரூமுக்குள்ள படிக்கட்டு ஏது?"

பிறகு உங்களுக்குப் போன் செய்தார். பொறாமையில் செய்தேன் என்கிறாராம். பொறாமை இருந்தால் அவள் குரலை ஊரெல்லாம் கேட்கும்படி இவ்வளவு அழகாகச் செதுக்கிக் கொடுத்திருப்பேனா?

விழுந்தபிறகு அவள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டீர்கள். சொன்னாள். "அக்கா" என்று கூப்பிட்டாள். அலறலுக்குப் பிறகு, மூச்சுக்கு நடுவில், உற்றுக் கேட்டால் இப்போதும் கேட்கும். என் தங்கை கடைசியாகக் கூப்பிட்டது என்னையல்லவா, அதை நீக்க மனம் வரவில்லை.

இன்னொரு முறையும் கூப்பிட்டாள். அதை மட்டும் வெட்டிவிட்டேன். அதில் கொஞ்சம் நடிப்பு தெரிந்தது.