வேலி தாண்டிய கிணறு

புளியங்குளத்தில் பஸ் நின்று, எஞ்சின் சத்தம் அடங்கியபோதுதான் முன் இருக்கைப் பேச்சு காதில் விழுந்தது.

"எங்கட கிணறு இப்ப பக்கத்து வீட்டுக்காரியின்ர வளவுக்க நிக்குது."

"கிணறு எப்பிடியக்கா அங்க போகும்?" என்று கேட்டார் கூட இருந்த இளம்பெண்.

"கம்பஸில படிக்கிற பிள்ளையள் எங்கட டவுனைப் பற்றி ஆராயினம். உங்கட ஒழுங்கையில எந்த வீடு எங்க நிக்குதெண்டு உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே படம் கீறித் தாங்கோ எண்டு சொல்லிச்சினம். அவள் வேலியைத் தள்ளி, எங்கட கிணத்தைத் தன்ர பக்கம் கீறிப்போட்டாள்."

"நீங்கள் சும்மா இருந்தனீங்களோ?"

"நானோ? என்ர படத்தில அவளின்ர வீட்டையே கீறாமல் விட்டிட்டன்."

"ஐயோ! பிறகு?"

"பிறகென்ன? பிள்ளையள் ரெண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்திட்டு, இதில வெறுங்காணியும் கிணறும் கிடக்குது, சிறுவர் பூங்காவுக்கு நல்ல இடம், கிணத்தை மட்டும் மூடோணும் எண்டு எழுதிப்போட்டுதுகள்."

"அவ சண்டைக்கு வரேல்லையோ?"

"எப்பிடி வாறது? தொடங்கினவள் அவள்தானே. இண்டைக்குத் திருத்திக் கீறக் கூப்பிட்டிருக்கினம். அவளும் நானும் கம்பஸுக்குத்தான் போறம்."

அதுவரை என் அருகில் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த பெண் முன் இருக்கையைத் தட்டினார்.

"அக்கா, என்ர வீட்டுக்கு ஒரு மேல்மாடியும் வைச்சுக் கீறுங்கோ. அப்பதான் உங்கட கிணறு திரும்பி வரும்."